இரும்புக் கதவும் என் இடுப்புக் கயிறும்

சென்ற புதன்கிழமை காலை ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி, வேட்டியைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்துக்கொண்டு, ஓர் இரும்புக் கதவோடு வயிற்றை ஒட்டி நின்றேன். வங்கி வேலை நேரத்தில். வங்கிக்குள்ளேயே. கொழும்பிலிருந்து வந்த சோதனைத் துரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்கத்தான் வேண்டும். நானும் பெட்டிமேல் நின்றபடி அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமைக்கு முந்தி, குருக்கள்மடம் ஊரைச் சேர்ந்த வாசகர் ஒருவர் என்னைச் சந்தையில் பிடித்துக்கொண்டார். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் வாசிக்கிறவர். நல்ல மனிதர். ஆனால் வாயில் முள் இருக்கிறது.

"என்ன அண்ணன், வாராவாரம் கவலை கவலையெண்டு எழுதுறீங்க. எங்களப் போல வயல் வட்டைக்குள்ள இறங்கி வெயில்ல காயிறீங்களா? நிழல்ல கதிரை போட்டு இரிக்கிற ஆளுக்கு அப்பிடி என்ன கவலை?"

எனக்குப் பதில்கள் எப்போதும் பின்னேரம்தான் வரும்... வீட்டுக்குப் போகும் தோணியில்.

நிழல்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் வயலில் கால் வழுக்கினால் சேறுதான் படும். வாய்க்காலில் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கலாம். வங்கியில் கை வழுக்கினால் கழுவ வாய்க்கால் ஏது? அந்தப் பயத்தோடு காலையில் உள்ளே போகிறோம். அதே பயத்தோடு பின்னேரம் வெளியே வருகிறோம். இடையில் வேலை என்று ஒன்று நடக்கிறது. அது எப்படி நடக்கும்?

எங்கள் வங்கிக் கனகசபையரைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து மனிதர். மூக்குக் கண்ணாடியும் முழங்கை தேய்ந்த கோட்டுமாக இருப்பார். வருகிறவர்களின் கையெழுத்தைப் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டு, ஆள் அவர்தானா என்று சொல்வது அவர் வேலை. முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. யாரோ ஒருவரின் போலிக் கையெழுத்து வேறொரு கிளையில் ஏமாற்றிவிட்டது என்று ஒரு கதை காதில் விழுந்ததோ இல்லையோ, அவருக்கு எல்லாருடைய கையெழுத்தும் போலியாகத் தெரியத் தொடங்கிவிட்டது. ஊரறிந்த நிலக்காரப் போடியார் ஒருவரை, அவரே நேரில் வந்து நிற்க, நாலு முறை எழுதவைத்தார். கடைசியில் ஒருநாள் தன்னுடைய கையெழுத்தையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐசே, இது நான் எழுதினதுதானோ?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் கல்லூரி வரை படித்தவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஏன் நின்றேன்? ஆறாம் வகுப்பில் கணக்குப் பரீட்சை கடினம் என்று யாரோ சொன்னார்கள். அதுதான் காரணம். பரீட்சை வருவதற்கு ஒரு வருடம் முந்தியே பயந்து ஓடிவிட்டேன். எதையும் முன்கூட்டியே செய்துவிடுவது என் சுபாவம்.

சரி, கதவுக்கு வருகிறேன்.

எங்கள் பெட்டக அறைக்கு ஒரு பெரிய இரும்புக் கதவு. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பூட்டுத் துவாரம். இரண்டு சாவி. ஒன்று மனேஜரிடம் இருக்கும், மற்றது காசாளரிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்று, ஒரே நேரத்தில் திருப்பினால்தான் கதவு அசையும். ஒருவரை ஒருவர் நம்பாமல் இருப்பதற்கு வெள்ளைக்காரன் கண்டுபிடித்த ஒழுங்கு. அந்தப் பூட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. கதவு திறந்திருக்கும்வரை சாவி வெளியே வராது. மூடினால்தான் கழற்றலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு, அடுத்தது மட்டக்களப்புத்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. நகைநட்டு வைத்திருந்தவர்கள் பெட்டியைப் பூட்டி எங்களிடம் கொண்டுவந்தார்கள். எங்கள் காசாளர் அந்தக் கதவையும் பார்ப்பார், வானத்தையும் பார்ப்பார். பார்த்துப் பார்த்து வயிற்றில் புண் வந்துவிட்டது. டாக்டர் பாலும் கஞ்சியும் குடித்துக்கொண்டு வீட்டில் படுக்கச் சொன்னார். மனுஷன் போய்ப் படுத்துக்கொண்டார். சாவி மேசைமேல் கிடந்தது.

மனேஜர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் மனேஜர் உள்ளூர்ப் பறங்கி மனிதர். ஆறடி உயரம், பெரிய மீசை. தமிழ் நம்மைப் போலவே பேசுவார்.

"சாவி இனி உன்னட்ட மேன்."

"துரை, நான் படிக்காதவன்..."

"படிப்பு என்னத்துக்கு? இந்தக் கட்டிடத்தில உன்னைப் போலப் பயந்தவன் வேற இல்ல. பயந்தவன் சாவியத் தொலைக்கமாட்டான்."

"தொலைச்சிட்டா, துரை?"

"பாத்தியா? வாங்க முந்தியே பயப்பிடுறாய். அதுதான் எனக்கு வேணும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒண்டு மட்டும் ஞாபகம் வச்சிரு. சாவிய எங்க வச்சிரிக்கிறாய் எண்டு ஒரு உசிருக்கும் தெரியப்படாது."

பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் என்னைக் கொஞ்சம் அழுத்தமாகவே பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து இரண்டு மாற்றம். மனேஜர் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கத் தொடங்கினார். வாதமாக இருக்கும் என்று கனகசபையர் சொன்னார். பாவம், வேலைப்பளு காலில் இறங்கிவிட்டதென்று நான் அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன். மற்ற மாற்றம் எனக்கு. அந்தச் சாவி ஒரு சாண் நீளம்.

ஒரு சாண் நீளச் சாவியை மனிதன் எங்கே வைப்பான்? சொல்லுங்கள். சட்டைப் பையில் வைத்தால், குனிந்ததும் விழும். எனக்கோ வீடு படுவான்கரையில். காலையும் மாலையும் தோணியில் வாவியைக் கடக்கவேண்டும். வாவிக்குள் விழுந்தால் யார் எடுத்துத் தருவது... முதலையா? மடியில் செருகினால் வேட்டி அவிழும். கையில் வைத்திருந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். இடுப்புக் கயிற்றில் கட்டி, மேலே வேட்டியும் சட்டையும் கோட்டும் போட்டு மறைத்தேன். உட்கார்ந்தால் தொடையில் குத்தும். அதனால் விறைப்பாக நடந்தேன், விறைப்பாக நின்றேன். சாவி கிடைத்ததும் இவனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பியது. தலையில் ஒன்றுமில்லை ஐயா, எல்லாம் இடுப்பில்தான்.

கவலை வந்தால் சிலருக்குச் சோறு இறங்காது. எனக்கு நன்றாக இறங்கும்.

"இஞ்ச, அந்தச் சாவி வந்த நாள்ல இருந்து நீங்க மீன் தலையையும் மிச்சம் வைக்கிறீங்க இல்ல" என்றாள் என் மனைவி பாக்கியம். "இப்பிடியே போனா வயிறும் வெடிச்சி, வேலையும் போகும். கட்டாடியாருட்டப் போவம்."

எங்கள் அம்மன் கோயில் பூசாரியான கட்டாடியார், பழைய இடுப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டு, மந்திரித்த கயிறு ஒன்றை இறுக்கிக் கட்டினார். பயம் தெளியிற கயிறு. கோயிலின் வைகாசிச் சடங்கு முடியும்வரை அறுக்கக்கூடாது.

"அறுத்தா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவர் பாக்கியத்தைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். அவள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்: "ஆருக்கெண்டு நினைக்கிறீங்க? கயிறு அறுந்தா எண்ட தாலிக்குத்தான் ஆகாது. கவனம்."

பயம் தெளியக் கட்டிய கயிறு. அதை அறுத்துவிடுவேனோ என்று ஒரு புதுப் பயம். மனிதன் ஒரு பயத்தை விற்று இன்னொரு பயத்தை வாங்குகிறான்... நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், தோணியில் உட்கார்ந்திருக்கும்போது தொட்டுப் பார்த்தேன். மந்திரக் கயிற்றில் நான் சாவியைக் கட்டிய முடிச்சு இளகியிருந்தது. என் உயிர் போய் வந்தது. தோணிக்காரக் கந்தப்பனைக் கூப்பிட்டேன். தோணியில் வேறு யாரும் இல்லை. அவனுக்கு மட்டும் தெரிந்தால் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் பட்டது.

"தம்பி, ஒரு முடிச்சுப் போட்டுத் தா. அவிழவே படாது."

"அவிழவே படாதா அண்ணன்?"

"படாது."

"மறுகா வந்து கேக்கப்படாது. சரியா?"

"கேக்கமாட்டன்."

தோணிக் கம்பை வைத்துவிட்டு வந்தான். கயிற்றின் தொங்கல் நுனியைச் சாவி வளையத்துக்குள் கோத்து, பல்லால் ஓர் இழுவை, காலால் ஓர் உதை. கரையை அடையுமுன் கச்சான் காற்றுக் கிளம்பி, தண்ணீர் எற்றி, இடுப்புவரை நனைந்தேன். கயிறும் நனைந்தது. அன்று பின்னேரம் நன்றாகத் தூங்கினேன், சாப்பிட எழும்பி மறுபடியும் தூங்கினேன். என் வாழ்க்கையில் நான் கவலையில்லாமல் இருந்த ஒரே நாள் அதுதான். அதனால்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை வங்கி திறந்ததும் முதலில் வந்து நின்றவர் காத்தான்குடி ஆதம்பாவாக் காக்கா. புடவை வியாபாரி. எனக்குப் பல வருடப் பழக்கம், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். அன்று அஸர்த் தொழுகைக்குப் பிறகு அவருடைய மூத்த மகளுக்கு நிக்காஹ். மகளின் நகையெல்லாம் எங்கள் பெட்டக அறையில், ஒரு தகரப் பெட்டிக்குள். அதை அங்கே வைக்கச் சொன்னவன் யார்? நான்தான். குண்டுப் பயத்தில் அவர் நகையை வீட்டு முற்றத்தில் புதைக்கப் போனார். நான்தான் போய், "காக்கா, வங்கிக் கதவு இரும்பு. உங்கட பெட்டிக்கு நான் பொறுப்பு" என்று பெரிய மனிதனாகச் சொன்னேன்.

"திருக்கல் வண்டில் மாட்டோட வாசல்ல நிக்கிது தம்பி" என்றார். "பொட்டியத் தந்திட்டா நான் இப்பிடியே போயிருவன். பொண்டுகள் அங்க மருதாணியோட குந்திக்கிட்டு இரிக்கிறாங்க."

"இந்தா, ஒரு நிமிஷம் காக்கா."

அந்த ஒரு நிமிஷத்தில்தான் வாசலில் இன்னொரு வண்டி வந்து நின்றது. கொழும்பு ரயிலில் வந்த சோதனைத் துரை. சொல்லாமல் வந்துவிட்டார். சொல்லாமல் வருவதுதான் அவர் வேலை. ஒல்லியான வெள்ளைக்காரர், வெள்ளைக் கோட்டு. சிரிக்கிற பழக்கம் இல்லை. அவர் உள்ளே காலெடுத்து வைத்ததும், கனகசபையரின் பேனாவிலிருந்து மை மேசையில் சொட்டியது. மனேஜர் எழும்பிய வேகத்தில் கதிரை சரிந்தது. ஒரு நிமிஷத்துக்கு முந்தி இவர்களெல்லாம் வேலை தெரிந்த மனிதர்கள், நம்புங்கள்.

துரை ஒரே ஒரு வசனம் சொன்னார். முதலில் பெட்டக அறையைத் திறவுங்கள்.

நான் ஓரமாகத் திரும்பி, கோட்டை விலக்கி, முடிச்சில் கை வைத்தேன். முடிச்சு கல்லாக இருந்தது. நனைந்து காய்ந்து, நகம் நுழைய இடமில்லாமல் இறுகிவிட்டது. இழுத்தேன். அது இன்னும் இறுகியது. கனகசபையர் வந்தார். பேனா முனையால் குத்திப் பார்த்தார். கயிற்றில் மைதான் ஏறியது. மனேஜர் சவர்க்காரம் கொண்டுவரச் சொன்னார். முடிச்சு வெளுத்தது, அவிழவில்லை. கயிற்றோடு கீழே இறக்கிவிடலாமென்றால், மீன் தலைகளெல்லாம் அங்கே சேர்ந்து நின்று வழி மறித்தன.

மனேஜர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"துரை, வேணாம்." என் கை என்னைக் கேட்காமலே கயிற்றை மூடிக்கொண்டது. "மந்திரிச்ச கயிறு. சடங்கு முடியுமட்டும் வெட்டப்படாது."

"உனக்கு வேலை வேணுமா, கயிறு வேணுமா மேன்?" மீசைக்குள்ளால் கேட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. அவர் என்னைவிடப் பயந்திருந்தார் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்த உயரத்தில் பயம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஆதம்பாவாக் காக்கா நின்றார். வெளியே மாட்டைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மகள் வெறுங்கழுத்தோடு இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தில் அவர் எப்படி விழிப்பார்? பொறுப்பு என்று சொன்னவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பாக்கியத்தின் தாலி ஒரு பக்கம். அந்தப் பிள்ளையின் கழுத்து ஒரு பக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வெட்டுங்க துரை."

"பொறுங்க." ஆதம்பாவாக் காக்காவின் குரல். கவுண்டர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "என்ன கயிறு தம்பி அது?"

சொன்னேன். பாக்கியம் சொன்னதையும் சொன்னேன்.

"அப்ப வெட்டாதீங்க" என்றார். "எண்ட புள்ளட கலியாணத்தில இன்னொரு பொம்புளட கண்ணீர் விழப்படாது. அது எனக்கு வேணாம்." கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, அளவு எடுக்கத் தெரியும். "சாவி கதவுக்குப் போகாட்டி என்ன? ஆளைக் கொண்டு போங்களன்."

இதுதான் நடந்தது. இவ்வளவுதான் காரணம்.

பூட்டுத் துவாரம் என் நெஞ்சு உயரம். சாவி இருப்பது இடுப்பில். மண்ணெண்ணெய்த் தகரம் வந்த மரப்பெட்டி ஒன்றைக் கனகசபையர் இழுத்துவந்தார். நான் ஏறினேன். வேட்டியை இறக்கிப் பிடித்தேன். ஆதம்பாவாக் காக்கா பின்னால் நின்று என் கோட்டைத் தூக்கிப் பிடித்தார். சோதனைத் துரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். சாவியை நீட்டிக்கொண்டு கதவை நோக்கிப் போனேன்.

போனேனே தவிர, போய்ச் சேரவில்லை. கதவில் ஒரு பெரிய கைப்பிடி. அது நெஞ்சில் முட்டி, அதற்குமேல் விடவில்லை. சாவி பாதிதான் உள்ளே போனது. பயத்தில் என் கை நடுங்க, சாவி பூட்டுக்குள் கிடுகிடு என்று அடித்தது.

"உங்கட சாவி துரை" என்று கனகசபையர் மனேஜரிடம் மெதுவாகச் சொன்னார்.

மனேஜர் அசையவில்லை. சோதனைத் துரையைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து, இடது சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறைக்குள் கையை விட்டு, உள்ளங்காலுக்கடியிலிருந்து ஒரு சாண் சாவியை வெளியே எடுத்தார்.

வாதம்!

ஒற்றைக் காலில் சப்பாத்தோடு மனேஜர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய கையும் நடுங்கியது. ஒரு பூட்டில் என் சாவி கிடுகிடு. அடுத்த பூட்டில் அவர் சாவி கிடுகிடு. நான் மூச்சை இழுத்து, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். வெள்ளைக்காரருக்கு முன்னால் தொப்பை தெரியக்கூடாதே என்ற வெட்கம் வேறு. எக்க எக்கச் சாவி இன்னும் பின்னால் போனது.

கனகசபையர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆக்களைப் பாயோட ஒட்டவைப்பினம் எண்டு எங்கட ஊரில ஒரு கதை இருக்கு" என்றார். "கதவோட ஒட்டவைக்கிறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

முதலில் ஆதம்பாவாக் காக்கா சிரித்தார். என் கோட்டைப் பிடித்திருந்த அவர் கை குலுங்கியது. பிறகு மனேஜரின் மீசை ஆடியது. எனக்கும் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் இழுத்துப் பிடித்த மூச்சு வெளியே போக, எக்கி வைத்திருந்த வயிறு முன்னுக்கு வர... சாவி தானாகவே கடைசிவரை உள்ளே போய் உட்கார்ந்தது.

"இப்ப" என்றார் மனேஜர். இரண்டு பேரும் திருப்பினோம். கை நடுங்கவில்லை. கதவு திறந்தது.

கதவு மட்டுமா? நானும் திறந்தேன். அந்தப் பூட்டின் குணம் சொன்னேன் அல்லவா, திறந்திருக்கும்வரை சாவி வராது. மனேஜர் கதவை மெல்ல இழுக்க, கனகசபையர் மரப்பெட்டியைக் காலால் தள்ள, நான் கதவோடு கதவாக அரைவட்டம் போய்ச் சுவரோரம் நின்றேன். அங்கே நின்றபடியே, ஆதம்பாவாக் காக்கா தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தேன்.

என் முன்னால் நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சிரித்ததாலா, வேறு எதனாலா, தெரியாது.

"கலியாணம் முடிஞ்சி, மறுகா பொட்டிய ஒங்களிட்டத்தான் கொண்டு வருவன் தம்பி" என்றார். "வேற எங்கயும் வைக்கமாட்டன். ஒங்களிட்ட இரிந்தா கள்ளனாலயும் எடுக்கேலா. ஒங்களாலயும் எடுக்கேலா."

திருக்கல் வண்டிலின் மணிச்சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எங்கேயும் போக முடியாதே.

துரை பெட்டக அறையை உள்ளும் புறமும் பார்த்து முடிக்கும்வரை நான் கதவில்தான் தொங்கினேன். போகும்போதும் வரும்போதும், ஒரு தளபாடத்தைத் தாண்டுவதுபோல என்னைத் தாண்டிப் போனார். கடைசியில் கதவை மூடி என்னைக் கழற்றி எடுத்தார்கள். மனேஜரும் துரையும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இனி என்ன? வேலை போய்விட்டது என்று முடிவு செய்தேன். பாக்கியத்திடம் எப்படிச் சொல்வது, தோணிக் காசுக்கு என்ன செய்வது, இந்தப் பத்திக்கு ஆசிரியர் கொஞ்சம் கூட்டித் தருவாரா என்றெல்லாம் ஒழுங்காகக் கவலைப்பட்டேன். தெரிந்த தொழில் அல்லவா, கை நடுங்காமல் செய்தேன்.

மனேஜர் வெளியே வந்தார். இரண்டு காலிலும் சப்பாத்து இருந்தது. இடது காலைச் சாய்த்துத்தான் நடந்தார்.

"துரை உன்னைப் பற்றிச் சொன்னார் மேன்."

"என்னெண்டு, துரை?"

"எத்தினையோ கிளை பாத்திட்டாராம். சாவி மேசையில கிடக்குமாம், ஆணியில தொங்குமாம். ஆளை விட்டுப் பிரியாத சாவிய இஞ்சதான் பாத்தாராம்." என் தோளில் கை வைத்தார். "காசாளர் சுகமாகி வந்தாலும் சாவி இனி உன்னட்டத்தான். நிரந்தரம்."

பார்த்தீர்களா? பயந்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்று பயந்தேன். பதவி உயர்வு கிடைத்தது. என்ன பதவி? தொடர்ந்து பயப்படுகிற பதவி. குருக்கள்மடத்து வாசகரே, நிழல் வேலை என்றால் என்னவென்று கேட்டீர்கள். இதுதான். பிழை விடாமல் இருக்கவேண்டும் என்ற நினைப்பே எங்கள் கையைப் பிடித்து ஆட்டுகிறது. ஆடுகிற கை பிழை விடுகிறது. அதைக் கண்டு மேலே இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? கையை நிறுத்த வழி பார்ப்பதில்லை. ஆட்டத்துக்கு மெச்சி இன்னொரு சாவி தருகிறார்கள். அன்று முழுக்க எங்கள் கை சரியாக வேலை செய்த ஒரே நேரம், சிரித்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷம்தான்.

பின்னேரம் தோணியில் கந்தப்பனிடம் வயிற்றைக் காட்டினேன். முடிச்சை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தான்.

"நல்ல முடிச்சு அண்ணன்" என்றான் பெருமையாக.

"அவிழ்த்து விடு தம்பி."

"கட்டத்தான் தெரியும். அவிழவே படாதெண்டுதானே கேட்டீங்க? மறுகா கேக்கப்படாதெண்டு அப்பவே சொன்னனா இல்லையா?"

வீட்டில் பாக்கியம் முழுக்கதையும் கேட்டுவிட்டு, சாவியைப் பார்க்கவில்லை, கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "அறுபடல்லதானே? பாத்தீங்களா, கயிறு வேலை செய்யிது. உத்தியோகமும் நிரந்தரமாப் போச்சி." அன்றைக்கு மீன் தலை இரண்டு வைத்தாள்.

ஆகவே வாசகர்களே, வைகாசிச் சடங்கு முடியும்வரை சாவி என் இடுப்பில்தான். தினமும் காலையில் மரப்பெட்டி ஏறுகிறேன், வயிற்றைத் தளர்த்துகிறேன், கதவோடு போய்க் கதவோடு வருகிறேன். ஆதம்பாவாக் காக்கா நேற்றுத்தான் தகரப் பெட்டியோடு கலியாண வீட்டு இனிப்பு வட்டிலப்பமும் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். கவலைப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

எழுதியதை இப்போது ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

ஒரு சாவி என் இடுப்பில், மற்றது மனேஜரின் இடது காலுறையில்... ஆசிரியர் ஐயா, இது இன்னும் அச்சுக்குப் போகவில்லைத்தானே?